ஆள் இல்லாத படம்

லெஸ்லி டின்னியன் நாற்பத்தேழு வருடமாக ரயில்களைப் படம் எடுத்து வந்தவர். அத்தனை வருடத்தில் அவர் எடுத்ததிலேயே நல்ல படம் எதுவோ, அதுதான் அவருடைய மகன் கார்லின் பிழைப்பில் மண்ணைப் போட்டது.

அணு ரயில் செவ்வாய்க்கிழமைதோறும் நெதர்ஹோ நிலையத்தில் நிற்கும். கம்பிரியா கடற்கரையோரம் போகும் அந்தப் பாதை பாதித் தூரத்துக்கு ஒற்றைத் தண்டவாளம்தான். எதிரே வரும் பயணிகள் வண்டி கடந்து போகும்வரை பதினொரு நிமிடம் காத்திருந்துதான் ஆகவேண்டும். ரயிலை ஓட்டுவது கார்ல். கூடவே இன்னொரு ஓட்டுநர், ஷான் என்ற இளவட்டம். அணு ரயிலில் எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவராவது என்ஜினுக்குள்ளேயே, கதவைப் பூட்டிக்கொண்டு. வேலி ஓரமாகக் கேமராவோடு லெஸ்லி நிற்பார். அதே நிலையத்தில் முப்பத்தொன்பது வருடம் சிக்னல் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர்.

அந்த ஜூலை பதினொன்றாம் தேதி, ஒன்பது நாள் மழைக்குப் பிறகு வெயில் அடித்தது. கடல் நிரம்பிக் கிடந்தது. முன்னால் இரண்டு என்ஜின்கள், இரண்டும் புது நீலச் சாயத்தில். பின்னால் மூன்று வண்டிகளில், எரிந்து தீர்ந்த அணு எரிபொருளைச் சுமக்கும் வெள்ளைப் பெட்டிகள். இப்படி எல்லாம் கூடி வருவது அந்தக் கரையில் வருடத்துக்கு இரண்டு தடவை நடந்தால் அதிகம். லெஸ்லி கேமராவைக் கண்ணில் வைத்தார். வைத்ததும் முகம் சுளித்தார்.

"கார்ல்! உங்க ரெண்டு பேர் மண்டையும் கண்ணாடியில தெரியுதுடா. அந்த ஆரஞ்சுச் சட்டை வேற, பூசணிக்காய் காய்ச்சுத் தொங்குற மாதிரி இருக்கு. கொஞ்சம் குனி."

"குனிஞ்சுதான்ப்பா இருக்கேன். இதுக்கு மேல குனிஞ்சா பிரேக் கைப்பிடி மூக்குல ஏறிடும்."

"ஏன் பெரியவரே, என் மூஞ்சி உங்க படத்துக்கு ஆகாதா?" என்றான் ஷான்.

"உன் மூஞ்சி எதுக்குமே ஆகாது. இறங்குங்கடா ரெண்டு பேரும். என் பின்னால வந்து நில்லுங்க. சிக்னல் விழ இன்னும் ஏழு நிமிஷம் கிடக்கு, எனக்குத் தெரியாதா?"

ரயில் படம் எடுப்பவர்களுக்கு இது ஒரு நோய். படத்தில் மனிதன் இருக்கக்கூடாது. ஒரு சட்டை நுனி தெரிந்தால்கூட அவர்களுடைய ரயில் படச் சங்கத்தில் உதட்டைப் பிதுக்குவார்கள். கார்ல் ஒரு நிமிடம் யோசித்தான். அப்பா இந்த வெயிலுக்காக மூன்று மாதமாகக் காத்திருந்தது அவனுக்குத் தெரியும். இறங்கினான். ஷானும் இறங்கினான். கதவு அப்படியே திறந்து கிடந்தது. லெஸ்லியின் கண் முழுக்க என்ஜினின் நம்பர் பலகையில்தான் இருந்தது. கதவை அவர் பார்க்கவில்லை. மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்து இருவரும் திரும்பி ஏறிவிட்டார்கள்.

அன்று மாலையே சங்கத்தின் இணையதளத்தில் படத்தை ஏற்றினார். கீழே வழக்கம்போல என்ஜின் நம்பர்கள், இடம், தேதி, நேரம் பத்து ஐம்பத்திரண்டு. பதினொரு மணி என்று மொட்டையாக எழுதுகிற ஆள் அவர் இல்லை.

வியாழக்கிழமை காலை அதே படம் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் இருந்தது. 'அணு ரயில்: கதவு திறந்திருக்கிறது, ஆளைக் காணோம்' என்று தலைப்பு. அணு உலைகளை எதிர்ப்பவர் ஒருவர் சங்கத்தின் தளத்திலிருந்து படத்தை எடுத்துக் கொடுத்திருந்தார். தேதியும் நேரமும் லெஸ்லியே எழுதி வைத்திருந்ததால் யாரும் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை.

மதியம் கார்ல் வந்தான். கம்பெனி அவனையும் ஷானையும் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தது. லெஸ்லி கெட்டிலில் தண்ணீர் ஊற்றாமலே ஸ்விட்சைப் போட்டார்.

"நான்தான்டா இறங்கச் சொன்னேன். நான் சொல்லித்தானே இறங்கினே."

"நீ சொன்னா? எனக்கு முப்பத்தெட்டு வயசுப்பா. எனக்குப் புத்தி வேண்டாமா?" கார்ல் நாற்காலியில் சாய்ந்தான். "கேளு. யூனியன்காரர்கிட்ட பேசிட்டேன். திங்கக்கிழமை விசாரணை. உள்ளது உள்ளபடி சொல்லிடலாம்னு இருக்கேன். மூணு நிமிஷம், படத்துக்காக இறங்கினோம், தப்புதான், அவ்வளவுதான். கடைசி எச்சரிக்கை குடுப்பாங்க, மூணு மாசம் சம்பளம் போகும். வேலை போகாதுங்கிறார்."

"நிச்சயமாவா?"

"உண்மையைச் சொன்னா போகாது. அதனால நீ ஒண்ணும் பண்ணாதே. யாருக்கும் போன் பண்ணாதே. சும்மா இரு."

சும்மா இருக்கத்தான் பார்த்தார். வெள்ளிக்கிழமை நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் இந்த ரயிலைப் பற்றி வானொலியில் கத்தினார். ரொட்டிக் கடையில் லெஸ்லி உள்ளே போனதும் பேச்சு நின்றது. சாயங்காலம் கார்லின் மனைவி ஜோ போன் செய்து அழுதாள். "உதாரணம் காட்டறதுக்காகவே இவரைத் தூக்கிடுவாங்க மாமா. அணு வேலைக்குக் குடுக்கற அந்த நுழைவுச் சீட்டு போச்சுன்னா இங்க இருக்கற அணு ஆலையிலயும் வேலை கிடையாது, ரயில்வேயிலயும் கிடையாது. இந்தக் கரையில வேற என்ன இருக்கு, சொல்லுங்க? ரெண்டு பொட்டப் புள்ளைங்களை வெச்சுக்கிட்டு ஆட்டு மந்தை மேய்க்கவா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. அந்தக் கரையில் ஆலை, ரயில், ஆடு தவிர வேறொன்றும் கிடையாது.

இரண்டு இரவு அவர் கண் மூடவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் வழி தெரிந்துவிட்டதாக நினைத்தார். மார்ச் பதினான்காம் தேதி புது ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்க இதே பாதையில் காலிப் பெட்டிகளோடு ஒரு ரயில் போயிற்று. காலி ரயிலுக்கு அந்த விதி கிடையாது. யார் வேண்டுமானாலும் இறங்கலாம், ஏறலாம். இந்தப் படம் அந்த மார்ச் ரயிலின் படமாக இருந்துவிட்டால்? அப்புறம் தப்பும் இல்லை, விசாரணையும் இல்லை. கிழவன் தேதியை மாற்றிப் போட்டுத் தொலைத்துவிட்டான் என்று நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கார்லிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பான்.

சிக்னல் அறையில் ஒரு பேரேடு இருக்கும். எந்த ரயில் எந்த நிமிடம் கடந்தது என்று மையால் எழுத வேண்டும். தப்பாக எழுதினாலும் அழிக்கக்கூடாது. மேலே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்தொன்பது வருடம் அப்படி எழுதிய கை அது. இணையதளத்தில் கோடெல்லாம் போட வேண்டியதில்லை. ஜூலை 11 என்பதை அழித்தார். மார்ச் 14 என்று அடித்தார். 'மன்னிக்கவும், முதலில் தேதி தவறாகப் பதிவாகிவிட்டது' என்று ஒரு வரி சேர்த்தார்.

பதினொரு மணிக்கெல்லாம் படத்துக்குக் கீழே பெர்னார்ட் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். பெர்னார்ட் சங்கத்தின் செயலாளர், லெஸ்லிக்கு நாற்பது வருட நண்பர்.

'லெஸ், இது மார்ச்சாக இருக்க வாய்ப்பே இல்லை. இரண்டாவது என்ஜினின் முகப்பு விளக்கு மாடு மோதி உடைந்து, ஜூனில்தான் புதிதாகப் போட்டார்கள்; படத்தில் இருப்பது அந்தப் புது விளக்கு. வேலி ஓரப் புதர் பச்சையாக இருக்கிறது. மார்ச்சில் காய்ந்து செம்பட்டையாகக் கிடக்கும். மேலும் அலை அட்டவணைப்படி மார்ச் 14 அன்று அந்த நேரத்தில் கடல் உள்வாங்கியிருந்தது. உன் முதல் தேதிதான் சரி.'

அதற்குக் கீழே பத்துப் பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். ஒருவர் நிழலின் நீளத்தைக்கூட அளந்திருந்தார். பாவிகள், அத்தனை பேரும் உதவி செய்வதாகத்தான் நினைத்தார்கள்.

லெஸ்லி கோட்டுகூட போடாமல் பெர்னார்ட் வீட்டுக்கு ஓடினார். பெர்னார்ட் தோட்டத்தில் பீன்ஸுக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்.

"வாய்யா. பார்த்தியா? கரெக்டா பிடிச்சேன்ல?"

"அதை எடுத்துரு, பெர்னார்ட். கெஞ்சிக் கேக்கறேன். இப்பவே எடுத்துரு."

"எதை? ஏன்யா, உனக்கு உடம்பு சரியில்லையா? தேதியைத் தப்பாப் போட்டா திருத்தணும்னு எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்ததே நீதானே."

"நான் தெரிஞ்சுதான் மாத்தினேன்! அந்த ரயில்ல இருந்தது என் பையன்யா!"

பெர்னார்ட் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டார். அவருக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. ரயிலின் நம்பர் தெரிந்தால் போதும், ஓட்டுகிறவன் யார் என்று கேட்கிற பழக்கம் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் கிடையாது.

"அடப்பாவி. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேய்யா."

இருவரும் உள்ளே ஓடிப்போய்க் குறிப்பை அழித்தார்கள். அழித்து என்ன பயன்? ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளில் இரண்டு தேதிகளும் அடுத்தடுத்து வந்தன. 'தேதியைத் திருத்தியவர் ஓட்டுநரின் தந்தை.'

கார்ல் போன் செய்தான். கத்தவில்லை. "ஏன்ப்பா?" என்று மட்டும் கேட்டான். லெஸ்லி போனைக் காதில் வைத்தபடி அழுதார். அந்தப் பக்கம் மகன் காத்திருந்துவிட்டு வைத்துவிட்டான்.

திங்கட்கிழமை விசாரணை கார்லைல் நகரத்தில், கம்பெனியின் அலுவலகத்தில் நடந்தது. கார்ல் ஒரு மணி நேரம் உள்ளே இருந்து வெளியே வந்தான். சொன்னபடியே உண்மையைச் சொல்லியிருந்தான். அடுத்து லெஸ்லியைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் பாதுகாப்பு அதிகாரி, ஹாலிவெல் என்ற அம்மாள். கெட்டவள் இல்லை, அவருக்கு முதலில் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

"மிஸ்டர் டின்னியன், மூணு நிமிஷம் இறங்கினதை நான் மன்னிச்சிருப்பேன். அதுக்கு எச்சரிக்கைன்னு எழுதியே வெச்சிருந்தேன். ஆனா அணுப் பொருள் சம்பந்தப்பட்ட சாட்சியத்தைத் திருத்தினா, அது வேற விஷயம். திருத்தச் சொன்னது யாரு?"

"யாரும் இல்லைங்க. நானாத்தான் செஞ்சேன். அவன் சும்மா இருன்னுதான் சொன்னான். நான் கேக்கலை."

"நீங்களாவே?"

"நானாவே. சத்தியமா."

அவள் ஒரு காகிதத்தை எடுத்தாள். "இது உங்க சங்கத்துலேருந்து காலையில வந்தது. உங்களுக்காகத்தான் எழுதியிருக்காங்க." படித்தாள். "'லெஸ்லி டின்னியன் நாற்பத்தேழு வருடத்தில் ஒரு தேதியைக்கூடத் தவறாக எழுதியதில்லை. ஒரு நிமிடத்தைக்கூடக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. எங்களுக்குத் தெரிந்தவர்களில் இவரைப்போல நேர்மையானவர் கிடையாது. யாராவது வற்புறுத்தியிருந்தால் ஒழிய இவர் இப்படிச் செய்திருக்க மாட்டார்.' பதினொரு பேர் கையெழுத்து. முதல் கையெழுத்து உங்க நண்பர் பெர்னார்டோடது."

லெஸ்லி அந்தக் கையெழுத்துகளை எட்டிப் பார்த்தார். பெர்னார்ட் நேற்று முழுக்க வீடு வீடாகப் போய் இந்தக் கையெழுத்துகளை வாங்கியிருக்க வேண்டும். கொஞ்சமாவது பரிகாரம் செய்யலாம் என்று போயிருப்பார்.

"வற்புறுத்தக்கூடிய ஆள் ஒருத்தர்தானே இருக்கார், மிஸ்டர் டின்னியன்? இதனால லாபம் யாருக்கு?"

"இல்லை. இல்லைங்க! அவனுக்குத் தெரியவே தெரியாது. அவன் என்னை விட நல்லவன். நான்தான்..."

"பிள்ளைக்காக நீங்க பழியை ஏத்துக்கறது எனக்குப் புரியுது. எனக்கும் அப்பா இருந்தார்." அவள் காகிதத்தை மடித்துக் கோப்புக்குள் வைத்தாள். "உங்க பையனோட நுழைவுச் சீட்டை ரத்து பண்றேன். நாடு முழுக்க. வேற வழி இல்லை."

பாதி திறந்திருந்த கதவுக்கு வெளியே கார்ல் நின்றிருந்தான். உள்ளே பேசியது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். முகத்தில் ரத்தமே இல்லை. லெஸ்லி அவனைப் பார்த்தார். எழுந்து மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் பொய்யன்மா. நான் சொல்றதைக் கேளுங்க. நான் பொய் சொல்றவன், திருட்டுப் பய. வாழ்க்கை முழுக்கப் பொய்தான் சொல்லியிருக்கேன். வேணும்னா யார்கிட்ட வேணாலும் கேட்டுப் பாருங்க."

அந்த அம்மாள் கோப்பை மூடினாள்.

"கேட்டுட்டோம், மிஸ்டர் டின்னியன்."