அவள் சொல்லாத ஜோக்

ஆறு மணிக்கு எழுந்தான். பாலை அடுப்பில் வைத்தான். பல் தேய்த்தான். மனைவி ஜோக் எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டுகளுக்கு நடுவே, முகம் தெரிகிற இடத்தில் சவரம் செய்தான். பால் பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைத்தான். அவள் இறந்து நாற்பத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

வாசல் மணி அடித்தது. நெட்டை. அவள் தன் காமெடி கிளப்பில் கைபிடித்து மேடையேற்றிய முதல் ஆள்.

"என்ன மாமா, வீடெல்லாம் தீயற வாசனை?"

கிளப்பில் எல்லோருக்கும் அவள் அக்கா. அதனால் முப்பத்தோரு வயதிலேயே இவன் ஊருக்கெல்லாம் மாமா.

ஒரு ஆள் தனியாக மைக் முன்னால் நின்று பேசியே சிரிக்க வைப்பதை அந்த ஊர் கேள்விப்பட்டிராத காலத்தில், அச்சகத்துக்குக் கீழிருந்த காகிதக் கிடங்கைப் பிடித்து நாற்பது நாற்காலி போட்டவள் அவள். முதல் மாதம் வந்தது இரண்டே பேர். ஒருவன் இவன், இன்னொருவர் மழைக்கு ஒதுங்கியவர். மேலே மெஷின் ஓடினால் ஒன்றும் காதில் விழாது. அது நிற்கிற நொடி பார்த்து ஜோக்கை முடிக்கப் பழகினாள்.

இன்று மாலை கிளப்பை மறுபடி திறக்கிறார்கள்.

"அக்கா கடைசியா சொன்ன ஜோக்க சுவத்துல எழுதப் போறோம் மாமா. பெயின்டர் வந்தாச்சு. நீங்க சரின்னு சொன்னா போதும்."

"எந்த ஜோக்?"

"ஆபரேஷனுக்குப் போறப்ப சொன்னாங்களே. 'மயக்க ஊசி எதுக்கு டாக்டர்? நம்ம நெட்டைய ரெண்டு ஜோக் சொல்லச் சொல்லுங்க, தானா தூங்கிடறேன்.'" நெட்டை சிரித்தான். கண் கலங்கியது. "போற நேரத்துலயும் என்ன ஓட்டிட்டுப் போயிருக்காங்க."

யார் கட்டிவிட்ட கதையோ. இறுதிச் சடங்கில் அது நிஜமா என்று கேட்டவர்களிடம் பேச முடியாமல் இவன் தலையாட்டிவிட்டான். சுவரில் ஏறிவிட்டால் அதுவே நிஜமாகிவிடும். அவள் இவனிடம் கேட்டது எங்குமே இருக்காது.

"அவ அப்படிச் சொல்லல."

நெட்டையின் முகம் வாடியது. "என் பேரச் சொல்லலையா?"

"இல்லடா."

"அப்ப என்னதான் சொன்னாங்க மாமா?"

அன்று ஆபரேஷன் தியேட்டர் கதவருகே ஸ்ட்ரெச்சர் ஒரு நிமிஷம் நின்றிருந்தது. அவள் கை சில்லென்றிருந்தது. நான்கு வருஷம் தினமும் கேட்ட ஜோக்குகளில் ஒன்றுகூட இவன் வாயில் வரவில்லை. கதவு மூடிவிட்டது.

தரையைப் பார்த்தபடி, அவள் சொன்னதை அப்படியே சொன்னான்.

"பயமா இருக்குடா. எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது. நீ ஏதாவது சிரிப்பா சொல்லேன்."