குழாயின் மேல் விழுந்த பழி

நகராட்சி ஆட்கள் வீட்டு வாசலில் தோண்டியெடுத்த பழைய தண்ணீர்க் குழாயை வில்மர் நகத்தால் கீறிப் பார்த்தார். வெள்ளிக் கோடு விழுந்தது. சுத்தமான, மெத்தென்ற ஈயம்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் பென்சில்வேனியா மலைகளில் மான் வேட்டைக்குப் போக, சட்டப்படி குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் கெட்டிக்கிற பழைய காலத்துத் துப்பாக்கிதான் வேண்டும். அதற்குக் கடினமான குண்டு ஆகவே ஆகாது, குழலுக்குள் இறங்காமல் மல்லுக்கட்டும். கார் சக்கரத்தில் வைக்கிற கெட்டியான எடைத்துண்டுகளை உருக்கிக் குண்டு வார்த்து ஒரு வருஷம் அவர் பட்ட பாடு போதும். அதனால் நல்ல ஈயத்துக்கு நாயாய் அலைவார்.

"இந்த வருஷமாவது ஒரு மான் சாகுமா வில்மர்?" என்றான் தோண்டிய டேல்.

"நீ குறுக்க வராம இருந்தா சாகும். குழாயை வச்சிட்டுப் போ."

வாய்தான் சிரித்தது. அந்தக் குழாய்மேல் அவருக்கு அவ்வளவு ஆத்திரம். கணவனைப் பிரிந்து பெண் குழந்தை எடியோடு வந்திருந்த மகள் லோரின் போன மாதம் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தாள். ஒன்றரை வயதுப் பிள்ளையின் ரத்தத்தில் ஈயம். குழாய்த் தண்ணீர்தான் காரணம் என்று வீடே முடிவு கட்டியது. நாசமாய்ப் போன குழாய் இப்போது வெளியே வந்துவிட்டது, இனி பிள்ளை தேறிவிடும்.

மறுநாள் காலை கடிதம் வந்தது. தோண்டுவதற்கு முன் எடுத்த தண்ணீரின் சோதனை முடிவு. தண்ணீரில் ஈயம் இல்லை. குழாயின் உட்புறம் படிந்திருந்த சுண்ணாம்புப் படலம் அதைக் கலக்கவிடவில்லையாம்.

வில்மர் சமையலறையில் நின்றபடி அதை இரண்டு முறை படித்தார். பிறகு நிலவறைக் கதவைப் பார்த்தார். சனிக்கிழமைதோறும் கீழே ஈயம் உருக்கி, மேலே மிதக்கும் சாம்பலை வழித்துப் போட்டு, சிந்தியதை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவார். அதே துடைப்பம்தான் சமையலறைக்கும். அதே பூட்ஸோடுதான் படியேறி வருவார். எடி தவழ்வது இந்தத் தரையில்தான். விழுந்த பிஸ்கட்டைப் பொறுக்கித் தின்பதும் இங்கேதான்.

கடிதத்தை அடுப்பில் போட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் லோரின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். மனைவி போன பிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் என்று கேட்டது எடியால்தான்.

லோரின் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "லெட்டர்ல என்னப்பா?"

"தண்ணியில ஒண்ணுமில்லம்மா. நான்தான். கீழ நான் ஈயம் உருக்குறதுதான்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. "எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"இப்பத்தான். பத்து நிமிஷம் இருக்கும்."

எடி தாத்தாவிடம் தாவினாள். வழக்கம்போல அவர் கை நீண்டது. நகத்தடியில் கறுப்பைப் பார்த்ததும் தானே இழுத்துக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் பெட்டிகள் காரில் ஏறிவிட்டன. லோரின் கார் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு திரும்பினாள்.

"உங்களக் கேட்டு அழுவா. என்னப்பா சொல்றது?"

"தாத்தா வீட்டைக் கழுவிட்டிருக்காருன்னு சொல்லு."

கார் தெருமுனை திரும்புமுன்னே அவர் வாளியோடு மண்டியிட்டு நிலவறையின் முதல் படியைத் தேய்க்க ஆரம்பித்திருந்தார்.