துடிப்புச் சிக்கனம்

தபால்காரியின் புருஷன் காப்பீட்டு முகவர். அடுத்தவர் ஆயுசைப் பற்றிப் பேசிப் பேசி, தன் ஆயுசுக்குத் தானே உத்தரவாதம் எழுதிக்கொண்டவர். மனைவி காலையில் ஓடப் போவது மட்டும் அவர் கண்ணை உறுத்தும்.

"மனுஷனுக்கு இத்தனை துடிப்புன்னு ஒரு அளவு இருக்கு. நீ ஓடி ஓடி அதைக் கரைக்கிறே. நான் பாரு, சேமிக்கிறேன்," என்பார், சோபாவில் காலை நீட்டியபடி.

"சேமிங்க, சேமிங்க. எல்லாம் தொப்பையிலதான் சேருது," என்று ஷூ நாடாவை இறுக்குவாள்.

ஒருநாள் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பழுது. தபால் பையோடு படியேறியவள், பாதி வழியில், பாலிசி விற்க வந்த தன் புருஷன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கழுத்தெல்லாம் வியர்வை.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல... போன்... பேசிட்டிருந்தேன்."

போன் சட்டைப் பையில் இருந்தது. தரதரவென்று டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டரம்மா பரிசோதனைகளை முடித்துவிட்டு, "பயப்பட ஒண்ணுமில்ல. உடம்புக்கு உழைப்பே பழக்கமில்ல," என்றார். போகிற போக்கில் மனைவியின் நாடியையும் பிடித்துப் பார்த்து, "உங்களுக்கு நிதானமாத் துடிக்குதே!" என்றார்.

புருஷன் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? ஓடி ஓடித் துடிப்பே தீந்துபோச்சு!"

"தீரலை சார். இவங்க இதயம் ஒரு அழுத்துக்கு நிறைய ரத்தத்தைத் தள்ளுது. அதனால சும்மா இருக்கும்போது அவசரப்பட வேண்டியதில்ல. ஓடும்போது வேண்டிய அளவுக்கு அள்ளிக் கொடுக்கும். உங்களுது கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளுறதால, உட்கார்ந்திருந்தாலும் படபடக்குது. உங்க கணக்குப்படியே பாத்தாலும் ஊதாரி நீங்கதான்."

மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றவரைப் பார்த்ததும் பாவமாகவும் இருந்தது. அந்தப் பாவம் வாசல் வரைக்கும்தான்.

"அந்தம்மா மிஷின்ல ஏதோ கோளாறு," என்றார் வெளியே வந்ததும்.

ஆனாலும் பயம் பிடித்துக்கொண்டது. மறுவாரமே நடக்க ஆரம்பித்தார். பூங்காவில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி, "இதயத்துக்கு வேலை கொடுக்கணும் சார், நான் ரொம்ப நாளாச் சொல்றேன்," என்று வகுப்பெடுத்தார். அவள் அதைக் கேட்டும் கேட்காதவள் போல் ஓடினாள்.

"ஏய், கூடவே நடந்தா என்ன? பேசிக்கிட்டே போகலாம்ல?"

"பேசறதுக்கு இவ்வளவு மூச்சு மிச்சமிருக்கா?" திரும்பாமலே கேட்டாள். "அப்போ இன்னும் கொஞ்சம் வேகமா நடங்க."