பலாப்பால் பூசிய கம்பி

1

இந்தக் கதை எனக்கு ஜீப்பில் கிடைத்தது. திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கு ஏறும்போது முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து வந்தவர் அதீப். வாணியம்பாடிக்காரர். இன்டர்நெட் கேபிள் அறுந்தால் ஒட்டுகிற வேலை. கண்டம் விட்டுக் கண்டம் கடலுக்கடியில் கேபிள் கிடக்கிறது, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தியே தந்திக்காகப் போட்டுவிட்டார்கள் என்றார். நான் நம்பவில்லை. மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான்; யார் எதைச் சொன்னாலும் இதில் இவனுக்கு என்ன லாபம் என்றுதான் முதலில் பார்ப்பேன். அவருக்கு ஒரு லாபமும் இல்லை. அதனாலேயே மனதில் ஒட்டிக்கொண்டது.

முதல் வரியை இப்படி எழுதினேன்: 'ஆழ்கடலின் நித்திய இருளில் ஒரு செப்புக் கம்பி—'

வேண்டாம். ஆழ்கடலை நான் எங்கே கண்டேன்?

2

ஆகவே கடலை மலைக்குக் கொண்டுவருகிறேன். ஐப்பசி விடியலில் எங்கள் பள்ளத்தாக்கு முழுக்கப் பனி நிரம்பி நிற்கும். குன்றெல்லாம் தீவு. புளியமரத் தலைகள் பாசி போல மிதக்கும். அந்தக் கரையில், சனிக்கிழமை காலை, கடப்பாரையோடு ஜேம்ஸ் நிற்கிறான். (ஆள் கோபக்காரன். எனக்கே அவன்மேல் முழு நம்பிக்கை இல்லை.) வேலிக்கால் ஊன்றக் குழி தோண்டியவன், மண்ணுக்குள் போன கேபிளை இரண்டாக வெட்டிவிட்டான். ஊரில் இருக்கும் ஒரே செல்போன் டவர் ஊமையாகிவிட்டது.

அவன் மனைவி மதலேனாள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“யோவ், இன்னா பண்ண? சிக்னல் ஒரு கோடு கூட இல்ல.”

“கம்பி குறுக்க வந்துச்சி.”

“கம்பியா வந்துச்சி? நீதான் போன! நாளைக்குப் புள்ள பேசறேன்னு சொல்லிக்கீறான்யா.”

பிள்ளை ஜெஸ்வின். கடலில் கேபிள் பழுது பார்க்கிற கப்பலில் வேலை. போகாதே என்று கத்தினாள், போனான். இனி உன் குரலே என் காதில் விழக்கூடாது என்றாள். மூன்று வருஷமாக விழவில்லை. இப்போது அக்காள் ஆன்சியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான்: ஞாயிறு பூசை முடிகிற நேரம் கூப்பிடுவேன். அம்மா எடுத்தால் பேசுவேன். எடுக்காவிட்டால் இனித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

(கீழே இறங்கிப் போய் திருப்பத்தூரில் பேசலாமே என்பீர்கள். நானும் மதலேனாளிடம் சொல்லிப் பார்த்தேன். “அவன் வூட்டுக்குப் பேசறான். நான் ஏன் நடுரோட்ல நின்னு பேசணும்?” என்றாள். என் பாத்திரம்தான், ஆனால் என் பேச்சைக் கேட்பதில்லை.)

3

அந்தக் காலத்துத் தந்திக் கம்பிக்குள் உப்புத் தண்ணீர் ஏறாதிருக்க, மலாய்க் காட்டு மரமொன்றின் பாலை எடுத்து மேலே பூசினார்கள்.* இதை, அதீப் பாய் சொன்னதாக, ஜேம்ஸின் காதில் நான் போடாமல் இருந்திருக்கலாம். போட்டுவிட்டேன். அவனுக்குத் தெரிந்த பால் பலாப்பால். கையில் பட்டால் எண்ணெய் தேய்க்காமல் போகாது. மரத்தைக் கொத்தி, கொட்டாங்கச்சியில் பிடித்து, இரண்டு முனையையும் சேர்த்து வழிய வழியப் பூசி, வேட்டியைக் கிழித்துச் சுற்றினான்.

அப்புறம் கேபிளைக் காதில் வைத்தான்.

பனி அசைந்தது. தலைக்கு மேலே ஒரு கப்பல் போயிற்று, சத்தமே இல்லாமல், தன் அடிவயிற்றை மட்டும் காட்டிக்கொண்டு. அதிலிருந்து ஒரு கொக்கி கயிற்றில் இறங்கி, சாமைக் கொல்லையைத் தடவியபடி வந்தது. கடலடியில் அறுந்த முனையை இப்படித்தான் துழாவிப் பிடிப்பார்களாம். அட்லாண்டிக்கில் தொலைந்த கம்பியை அடுத்த வருஷம் வந்து, இரண்டு மைல் ஆழத்திலிருந்து தூக்கினார்களாம். கொக்கி ஜேம்ஸின் காலடியில் நின்றது. மேலே விளிம்பில் யாரோ குனிந்து பார்த்தார்கள். அந்த முகம்—

(ஜெஸ்வின் என்று எழுதி அடித்துவிட்டேன். அவ்வளவு சுலபமாகக் கொடுக்கக் கூடாது.)

* பாலைக் கீறி வடிக்கப் பொறுமையில்லாமல் மரத்தையே வெட்டிச் சாய்த்தார்களாம். காடு காடாகப் போயிற்று. மற்றதெல்லாம் சந்தேகம்தான், மரம் வெட்டினார்கள் என்றதும் நம்பிவிட்டேன்.

4

மதியம் அதீப் வந்து குழிக்குள் இறங்கினார்.

“இன்னாங்க பெரியவரே இது?”

“பலாப்பால்.”

“யா அல்லா! உள்ள போறது வெளிச்சங்க. தலமுடியாட்டம் கண்ணாடி இழை. அதுல போய் பால ஊத்திக்கீறீங்க.”

“கடல்ல பூசனாங்கன்னு நீங்கதான பாய் சொன்னீங்க?”

“நானா? உங்கள இப்பதானே பாக்கறேன்.”

ஜேம்ஸ் திரும்பி என்னைப் பார்த்தான். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

பால் உள்ளே இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் சுத்தமான இழை தெரியும் வரை வெட்டினார் அதீப். இப்போது முனைக்கு முனை எட்டவில்லை. இடையில் போட வேறு கேபிள் திருப்பத்தூரிலிருந்து ஜீப்பில் வரவேண்டும்.

“நாளைக்குள்ள ஆவுமா?” என்றாள் மதலேனாள்.

“ஜீப்பு வந்தா ஆவும்மா.”

5

முடிவு ஒன்று: ஜீப் வருகிறது, மணி அடிக்கிறது, ஆளாளுக்கு அழுகிறார்கள். வாயில் சர்க்கரையை அள்ளிப் போட்டது போல இருக்கிறது.

முடிவு இரண்டு: ஜீப் வரவில்லை. இதுதான் உலகம் என்று நினைத்து மதலேனாளுக்குப் படித்துக் காட்டினேன். “எழுதுவ, உனக்கு இன்னா? பேனாவ மூடிட்டுப் போய்டுவ. நான்ல இந்த வூட்ல கெடக்கணும்” என்றாள்.

அடித்துவிட்டேன். பிறகு ஜீப்பை நானே வரச் சொன்னேன்.

ஞாயிறு. பூசை முடிகிற நேரம். குழிக்குள் அதீப்பின் சின்ன மிஷின் இழைகளை ஒவ்வொன்றாக ஒட்டுகிறது. பனி இன்னும் வடியவில்லை. மதலேனாள் மடியில் போன். அடிக்குமா என்ற பயம் போய், இப்போது வேறு பயம்.

“எடுத்ததும் இன்னாய்யா சொல்றது?”

“சாப்ட்டியான்னு கேளு” என்றான் ஜேம்ஸ்.

“மூணு வருஷத்துக்கும் சேத்தா?”

போனில் ஒரு கோடு ஏறியது. இரண்டு. மூன்று.

அடிக்கிறது.

அவள் என்னைப் பார்க்கிறாள். எனக்குத் தெரியவில்லை; தெரிந்தாலும் நான் சொன்னால் நம்ப மாட்டாள். நீங்கள் யாரோடாவது வருஷக்கணக்கில் பேசாமல் இருந்திருப்பீர்கள். முதல் வார்த்தையை உங்களுக்குள் எத்தனை தரம் சொல்லிப் பார்த்திருப்பீர்கள். அதை அவள் காதோரம் வந்து சொல்லுங்கள். எடுத்துவிட்டாள், சீக்கிரம்—