கல்லுக்கு அடியில் கரி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு கை அடுப்புக்கரியிலிருந்து வந்தது. அதை நான் பார்த்ததில்லை. பார்க்கத் துணிச்சல் இல்லை. (இந்த வரியை எடுத்துவிட வேண்டும். இப்போதைக்கு இருக்கட்டும்.)

முதல் தொடக்கம்: ‘ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தத் துறைமுகத்தில் அலைகள்...’ சே! யாருக்கு வேண்டும் இந்த அலை? அடித்தாயிற்று.

இரண்டாவது: ‘1987இல் தியாகதுருகத்து ராசு கடலோரத்தில் குழி தோண்டிக்கொண்டிருந்தான்.’ இது பரவாயில்லை. இதையே பிடித்துக்கொண்டு போவோம்.

2

ராசு கூலிக்காரன். சொந்தமாகக் கையகல நிலம் கிடையாது. கடலூருக்குத் தெற்கே, மணலில் புதைந்த பழைய ஊர் ஒன்றைத் தோண்ட ஆள் எடுத்தார்கள். (ஊர்ப் பேரைக் கேட்காதீர்கள்.) அவனை அங்கே கூட்டிப்போனவன் அறிவுச்செல்வன். கள்ளக்குறிச்சிப் பக்கம் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை, ஆராய்ச்சி மாணவன்.

அவனுக்கு இருந்த கேள்வி ஒன்றுதான். கடல் ஏறி வந்து அந்த ஊரை மூடியதா, தரை கீழே இறங்கியதா? கடல் ஏறியிருந்தால் ஊர் முழுக்க ஒரே மட்டத்தில் இருக்கும். தரை இறங்கியிருந்தால் ஒரு பக்கம் கூடக்குறைய இருக்கும். வடக்குத் தெற்காக நீண்டு கிடந்த ஒரு செங்கல் தளத்தை அளந்தால் தெரிந்துவிடும். அதற்காக ஒரு மட்டக்கல் நட்டிருந்தார்கள். எல்லா அளவும் அந்தக் கல்லின் உச்சியிலிருந்துதான்.

(தூக்கம் வந்தால் மன்னிக்கவும். இந்தப் பத்தி இல்லாமல் கதை நிற்காது.)

3

வடக்குப் பாதியை அளந்து முடித்தபோது மறியல் வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் வட மாவட்டங்களே நின்றுபோயின. சென்னைக்குப் போயிருந்த அறிவுச்செல்வனால் திரும்ப முடியவில்லை. “நம்ம புள்ளைங்களும் ஆபீஸ்ல குந்த வேணாமா?” என்று ராசு ரோட்டுக்குப் போனான். ரோட்டை அடைக்க வெட்டிச் சாய்த்த மரம் பத்தவில்லை. யாரோ ஒருவன் மட்டக்கல்லைப் பெயர்த்து...

இல்லை. யாரோ ஒருவன் இல்லை. ராசுதான் பெயர்த்தான். அவனைக் காப்பாற்றப் பார்த்தேன், வரவில்லை.

மறியல் முடிந்ததும் அவனே கல்லைத் தோளில் சுமந்துவந்து அதே குழியில் நட்டான். வரப்புக்கல் நடுகிற மாதிரியே நட்டான். அசையாமல் நிற்க முன்னைவிட ஒரு சாண் ஆழமாகத் தோண்டி, அடியில் இரண்டு கை கரி போட்டான். பின்னால் எவனாவது கல்லை நகர்த்தினாலும், மக்காத கரி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் நடுவார்கள். பாவி, அவ்வளவு அக்கறை!

அறிவுச்செல்வன் வந்தான். கல் இருந்த இடத்தில் இருந்தது. தெற்குப் பாதியை அளந்தான். தெற்கைவிட வடக்கு ஒரு சாண் தாழ்ந்திருந்தது. “தரைதான் எறங்கியிருக்கு ராசு!” என்று மணலில் குதித்தான். ஏன் குதிக்கிறான் என்று தெரியாமலே ராசுவும் சிரித்தான்.

4

இரண்டு வருஷம் கழித்து, பைண்டு பண்ணிய ஆய்வேட்டோடு சென்னைக்குக் கிளம்பிய அறிவுச்செல்வன், தியாகதுருகத்தில் இறங்கி ராசு வீட்டுக்குப் போனான். நன்றிப் பக்கத்தில் ராசுவின் பேர் இருந்தது. ராசுவின் பெண்டாட்டி குஞ்சம்மாள் டீ போட்டுக் கொடுத்தாள்.

“அப்டி இன்னாதாங்க சார் எழுதியிருக்கீங்க?” என்றான் ராசு.

அறிவுச்செல்வன் கல், அளவு, வடக்கு, தெற்கு எல்லாம் பொறுமையாகச் சொன்னான்.

“எம்மாந் தாழ்வுங்க?”

“ஒரு சாண். மூணு வருஷப் பாடும் அதுலதான் நிக்குது.”

கல்லுக்காக ஆழமாய்த் தோண்டிய அதே சாண்தானா என்று ராசு தரையில் கையை விரித்துப் பார்த்தான். கல் நட்ட கதை குஞ்சம்மாளுக்கும் தெரியும். “சும்மா இருய்யா” என்று முணுமுணுத்தாள். “தை மாசம் மேஸ்திரியா வெச்சிக்கிறேன்னு சொல்லிக்கினு இருக்காரு. நீ பாட்டுக்கு எதுனா ஒளறி வெக்காத.”

5

முடிவு ஒன்று: ராசு வாயைத் திறக்கவில்லை. எழுதிப் பார்த்தேன். ராசு அப்படிப்பட்ட ஆள் இல்லை.

முடிவு இரண்டு: ராசு சொல்கிறான். அறிவுச்செல்வன் அவனைக் கட்டிப்பிடித்து அழுகிறான், மறுபடி அளக்கப் போகிறான். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே கிழித்துப் போட்டேன்.

நடந்தது இது.

“சார், அந்தக் கல்ல மறியலப்போ நான்தாங்க பேத்தேன். ஒரு சாண் எறக்கி நட்டுட்டேன். அடியில கரி கெடக்கு, தோண்டிப் பாத்துக்குங்க.”

அறிவுச்செல்வன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஆய்வேட்டைக் கையில் எடுத்தான். பிறகு, “இத வேற யாருகிட்டயும் சொல்லாத ராசு” என்றான். போய்ச் சென்னை பஸ் ஏறினான்.

அவன் பேர் அறிவுச்செல்வன் இல்லை. பஸ் ஏறினது நான்தான்.

6

பட்டம் வந்தது. உத்தியோகம் வந்தது. தரை இறங்கியதென்று முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். அந்தத் தை மாதம் ராசுவை வேலைக்குக் கூப்பிடவில்லை. அவன் முகத்தைப் பார்க்க முடியாது என்று பயந்தேன். அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், படுபாவி.

கடல் ஏறியதா, தரை இறங்கியதா, எனக்கு இன்றைக்கும் தெரியாது; ராசுவின் சாண் எவ்வளவு என்று நான் தோண்டி அளக்கவே இல்லை. கல் அங்கேயேதான் இருக்கிறது. அடியில் கரி இருக்கும். முடிவு அங்கே கிடக்கிறது, என்னிடம் இல்லை.

ஊர்ப் பேரைக் கேட்காதீர்கள் என்று மேலே எழுதினேன் அல்லவா? அதை அடித்துவிடுகிறேன்.

கேளுங்கள்.