கெல்லி என்கிற அமிர்தலிங்கம்

களத்தில் முந்திரிக்கொட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அயர்லாந்திலிருந்து மகன் முத்தமிழ்செல்வன் கூப்பிட்டான். புதிதாகப் பிறந்திருக்கும் என் பேரனுக்குக் கெல்லி என்று பெயர் வைக்கப்போகிறானாம். எனக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

"அது என்னடா பேரு, சோப்புக்கு வைக்கிற மாதிரி?"

"நாங்க குடியிருக்கிற வூட்டுக்காரம்மா பேருப்பா. கொட்டுற பனியில கார் ஓட்டிட்டுப் போயி ஆஸ்பத்திரியில சேத்தது அவங்கதான். இல்லன்னா லாவண்யாவும் இல்ல, புள்ளையும் இல்ல."

"மகராசி நல்லாருக்கட்டும். பட்டுச்சீலை எடுத்து அனுப்புறேன், குடு. பேரு எதுக்கு?"

கெல்லி என்பது அங்கே குடும்பப் பெயராம். அவன் இருக்கும் ஊரில் எங்கு திரும்பினாலும் கெல்லிதானாம். அதையே பெண்ணுக்கும் வைப்பார்களாம், ஆணுக்கும் வைப்பார்களாம். மளிகைக்கடைக்கும் அதே பெயராம், கூத்தைப் பாருங்கள். அர்த்தம் கேட்டால் சிலர் சண்டைக்காரன் என்கிறார்கள், சிலர் கோயிலே கதியென்று கிடப்பவன் என்கிறார்கள். யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

"ஆதியில யாரோ ஒரு பாட்டன் பேருப்பா. அவரு வாரிசுங்க எல்லாரும் அதையே வச்சிக்கிட்டாங்க" என்றான்.

வசமாக மாட்டினான். "ஏன்டா, அவங்க பாட்டன் பேர இன்னிக்கி வரைக்கும் சுமக்குறாங்க. எம் பேர ஒத்தப் புள்ளைக்கு வைக்க ஒனக்கு வலிக்குதா? நான் செத்தா இந்தப் பேர யார்ரா சொல்லுவா?"

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மறுவாரமே அமிர்தலிங்கம் என்று என் பெயரையே பதிந்துவிட்டான்.

ஜெயித்துவிட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? எங்கள் வீட்டில் மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். என் மனைவி தனமோ, ரேஷன் கடையில் புருஷன் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்கிறவள். லாவண்யா கெல்லி என்றே கூப்பிட்டாள். தனமும் போனில் "எஞ் செல்லக் கெல்லி" என்று கொஞ்ச ஆரம்பித்தாள். இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்து வைத்த பெயரைச் சொல்ல ஒரு நாதியில்லை. நீயாவது சொல்லேன்டி என்று கேட்கவும் எனக்கு வெட்கமாக இருந்தது.

பேரனுக்கு ஒரு வயதாகிவிட்டது. நேற்று கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே வீடியோ காலில் பேரனுக்குச் சோறூட்டும் வைபவம். ஊட்டியதையெல்லாம் துப்புகிறான் போலிருக்கிறது. "கெல்லி, ஒரு வாய்டா" என்று லாவண்யா கெஞ்சுவது கேட்டது. திடீரென்று தனம் கத்தினாள்.

"டேய் அமிர்தலிங்கம்! ஒரு வாய் சோத்துக்கு எவ்ளோ நேரம்டா கெஞ்சுறது? ஒன்னோட மல்லுக்கட்டியே எங் காலம் போயிடும் போலருக்கே!"

"இந்தா, வந்துட்டேன்" என்று ஈரக் கையோடு உள்ளே ஓடினேன்.

தனம் நாக்கைக் கடித்தபடி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் கவிழ்ந்து கிடந்த போனுக்குள் பேரன் சிரித்துக்கொண்டிருந்தான்.