ஈரம் காயாத வரைக்கும்

"என் வலை இருக்கிற வரைக்கும் உன் குளத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் வராதுண்ணே" என்று அண்ணனிடம் அடித்துச் சொல்லிவிட்டாள். இயந்திரப் பட்டறையின் கழிவுநீர் அண்ணனுடைய மீன் குளத்துப் பக்கம்தான் ஓடுகிறது. சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வலை என்றால் மெல்லிய எஃகுக் கம்பி வலை. அதன்மேல் ஆய்வுக்கூடத்தில் அவள் ஏற்றிய பூச்சுக்குத் தண்ணீர் என்றால் உயிர், எண்ணெய் என்றால் ஆகவே ஆகாது. உப்புத்தாளால் தேய்த்தாள், அமிலத்தில் ஊறப்போட்டாள். பூச்சு அசைந்து கொடுக்கவில்லை.

இன்று அதைக் கழிவுநீர் வழியில் மாட்டித் திறக்கும் நாள். கழிவுத் தொட்டியருகே மேனேஜரும் அண்ணனும் நின்றார்கள். கூடவே இயந்திரம் பொருத்துகிற ஃபிட்டர்; எதைக் கண்டாலும் தேய்த்து மினுக்குவதால் பட்டறையில் அவனுக்குப் பளபளா என்றே பெயர்.

"அக்கா, வலையப் பாருங்க. காலையிலயே துடைச்சு, ஃபேன் போட்டுக் காய வெச்சுட்டேன்."

அவள் சட்டென்று திரும்பினாள். மேனேஜரின் கை வால்வில் இருந்தது.

"சார், திறக்காதீங்க!"

பூச்சு முதலில் தண்ணீரைக் குடித்திருக்க வேண்டும். அந்த ஈரம்தான் எண்ணெயை விரட்டும். காய்ந்த வலையில் எண்ணெய் முந்திக்கொண்டால் நேரே உள்ளே போய்விடும். ஆய்வுக்கூடத்தில் நனைத்துவிட்டுத்தான் எதையும் தொடங்குவார்கள். பல் விளக்குவது மாதிரி, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவளும் சொல்லவில்லை.

"நல்லா இருக்கட்டுமேன்னுதான்க்கா..." பளபளாவின் முகம் தொங்கிப்போனது.

"உன் மேல தப்பில்லப்பா."

ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வலை முழுக்க ஊற்றினாள். வால்வு திறந்தது. கறுப்பு எண்ணெய் வலைமேலேயே திரண்டு நிற்க, கீழே தெளிந்த தண்ணீர் விழுந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பியது.

"என் தங்கச்சியாக்கும்!" அண்ணன் மேனேஜரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பளபளாவும் தெம்பாகிவிட்டான். "நாளைக்கு லீவு சார். தொட்டி, வலை எல்லாம் காஞ்சு கெடக்கும். நல்லாத் தூங்கலாம்."

லீவு முடிந்த காலையில் வாளியோடு இங்கே யார் நிற்பார்கள்?

"அப்போ இன்னிக்கே மீன்குஞ்சு விட்டுடட்டுமா பாப்பா?" என்றார் அண்ணன்.

அந்த முகத்தில் அவ்வளவு நம்பிக்கை.

"விடாதண்ணே" என்றாள். "நான் சொன்னத நம்பாத."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வால்வை அவளே திருகி மூடினாள்.